சூரியன் வராத ஊரில் ஐவேளை



எங்கள் பள்ளிவாசல் சுவரில் நிரந்தரத் தொழுகை நேர அட்டவணை ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. எத்தனை வருடங்களானாலும் அந்த ஒரே தாள் போதும். செஞ்சி வட்டாரத்தில் மார்கழியின் மிகக் குறுகிய பகலுக்கும் ஆனியின் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. நான் குடியிருக்கும் மேல்சித்தாமூரோ தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர். அங்குள்ள நயினார் குடும்பங்களில் நெறி தவறாதோர் பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. ஆகவே எங்கள் தெருவில் மாலைச் சூரியனை இரு சாராரும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் உணவை முடிப்பதற்காக, நாங்கள் மஃரிபுக்காக.

சூரியன் ஒரு நாள் வராமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி இப்படிப்பட்ட ஊரில் எவருக்கும் எழுவதில்லை. எனக்கு அந்தக் கேள்வி ஒரு பழைய மாணவன் வழியாக வந்தது. சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை. அத்தா காலமான பின் அவனுடைய அம்மா தையல் இயந்திரத்தை மிதித்தே அவனைப் படிக்க வைத்தார். மீன்களின் நோய்களைப் பற்றி மேற்படிப்புக்காக நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள ட்ரோம்சோ என்ற ஊருக்கு ஓர் ஆகஸ்ட் மாதத்தில் போய்ச் சேர்ந்தான்.

ட்ரோம்சோ 69 பாகைக்கும் மேலே, வடதுருவ வட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே நவம்பர் 27-ஆம் தேதி வாக்கில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன் ஜனவரி 15 வரை எழுவதில்லை. ஊரைச் சுற்றி மலைகள் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதற்கு ஜனவரி 21 ஆகிவிடும். அந்த இரண்டு மாதங்களை அவ்வூரார் இருள்காலம் என்றே அழைக்கிறார்கள். முழு இருட்டு என்று எண்ண வேண்டாம். நண்பகலையொட்டிச் சில மணி நேரம் தெற்கு வானில் நீல வெளிச்சம் பரவும். பிறகு மறுபடியும் இரவு. இது முற்றிலும் தமிழர் அறியாத பூமியும் அல்ல. 1980-களிலிருந்து ஈழத் தமிழர்கள் பலர் அதற்கும் வடக்கே ஃபின்மார்க் பகுதியின் மீன்பிடி ஊர்களில், மீன் வெட்டும் ஆலைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களிடையே தங்கி ஆய்வு செய்த ஆன் சிக்ஃபிரிட் கிரோன்செத் என்ற மானிடவியல் அறிஞர், மருத்துவரால் காரணம் கண்டுபிடிக்க இயலாத உடல்வலிகளோடு அம்மக்கள் அலைந்ததைப் பற்றி 2010-இல் ஒரு நூலே எழுதினார். வலி உடலில் தெரிந்தது. வேர் தனிமையிலும் உறவு அறுந்ததிலும் இருந்தது என்பது அவர் கண்டது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் அந்தப் பிள்ளை அழைத்தான். இங்கே இரவு ஒன்பது, அங்கே மாலை நாலரை.

“ஹஜ்ரத், வக்து வருவதுதானே தொழுகை கடமையாவதற்குக் காரணம்? வக்தே வராத ஊரில் தொழுகை எப்படிக் கடமையாகும்? நம் ஹனஃபி மத்ஹபிலேயே கடமை இல்லை என்று சொன்ன இமாம்கள் இருக்கிறார்களாமே?”

கேள்வி ஃபிக்ஹுடையதுதான். குரல்தான் வேறாக இருந்தது. சில நாள்களாகவே அவன் போனை எடுப்பதில்லை என்று அவனுடைய அம்மா முந்திய வாரம் மதரஸாவின் வாசலில் நின்று என்னிடம் சொல்லியிருந்தார். “ஹஜ்ரத், நீங்க கேட்டா சொல்லுவான்” என்றார். மூன்று நாள்களாக அறையை விட்டு வெளியே போகவில்லை, எது சுப்ஹு எது மஃரிப் என்று தெரியாமல் படுத்துக் கிடக்கிறேன் என்பதைக் கேள்வி கேட்ட அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் சொன்னான்.

முதலில் ஃபிக்ஹுக்கே விடை சொன்னேன். ஒருவன் சட்டம் கேட்டு வரும்போது “உனக்கு மனசு சரியில்லை” என்று சொல்லி அனுப்புவது அவனை அவமதிப்பது என்று நான் கருதுகிறேன்.

அவன் படித்தது உண்மைதான். வோல்கா நதிக்கரையில் இருந்த பல்கார் நாட்டில் கோடைக்கால இரவு மிகக் குறுகியது. அந்தியின் வெளிச்சம் மறைவதற்குள் வைகறை வந்துவிடும். பக்தாதின் கலீஃபா அனுப்பிய தூதுக் குழுவில் 922-இல் அங்கே போன இப்னு ஃபழ்லான், இஷாவின் பாங்குக்காகக் காத்திருந்து பேசிக்கொண்டிருந்ததையும், பாங்கு கேட்டு வெளியே வந்தால் விடிந்துகொண்டிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த முஅத்தின், சுப்ஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாக இரவில் தூங்கவில்லை என்று அவரிடம் சொன்னாராம். மஃரிபின்போது அடுப்பில் ஏற்றிய பானை சுப்ஹு தொழுது முடித்தும் வெந்திருக்காது என்றும் எழுதுகிறார்.

அவ்வூரில் இஷாவின் வக்தே வராதபோது இஷா கடமையா என்பது பற்றி ஹனஃபி நூல்களில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. கடமை இல்லை என்றார் குவாரிஸ்மின் இமாம் பக்காலீ (ரஹ்). கழாவாக நிறைவேற்ற வேண்டும் என்றார் இமாம் ஹல்வானீ (ரஹ்). ஹல்வானீ ஓர் ஆளை அனுப்பி, ஐவேளையில் ஒன்றைக் கைவிடுபவன் காஃபிர் ஆவானா என்று பக்காலீயிடம் சபையில் கேட்கச் செய்தார். கேள்வியின் உள்நோக்கத்தைப் புரிந்துகொண்ட பக்காலீ, முழங்கையோடு கை துண்டிக்கப்பட்டவனுக்கு உளூவின் பர்ழுகள் எத்தனை என்று திருப்பிக் கேட்டார். மூன்று, நான்காவதற்கு உறுப்பே இல்லையே என்றார் வந்தவர். ஐந்தாவது தொழுகையும் அப்படியே என்றார் பக்காலீ. இந்த விடை ஹல்வானீக்கே பிடித்துப் போனது என்கின்றன நூல்கள்.

அழகான வாதம். ஆனால் அதோடு கதை முடியவில்லை. 1457-இல் மறைந்த இப்னுல் ஹுமாம் (ரஹ்) அதே மத்ஹபுக்குள் இருந்துகொண்டே அதை மறுத்தார். கை என்பது கடமை நிறைவேறும் இடம். இடம் போனால் கடமையும் போகும். வக்தோ கடமையை நமக்கு அறிவிக்கும் அடையாளம். அடையாளம் ஒன்று மறைந்தாலும், ஐவேளை கடமை என்பதற்கு மிஃராஜ் முதலான வேறு ஆதாரங்கள் இருக்கும்போது கடமை மறையாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதற்கு அவர் எடுத்துக் காட்டும் ஹதீஸ், நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுவது. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், அந்த நாளுக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, அதற்குரிய அளவைக் கணித்துக்கொள்ளுங்கள் என்று விடை வந்தது.

இந்த ஹதீஸைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு வியப்பூட்டுவது அந்தக் கேள்விதான். வருடம் போல நீளும் ஒரு நாள் என்று கேட்டவர்கள், அன்று சோற்றுக்கு என்ன செய்வோம், எப்படித் தூங்குவோம் என்று கேட்கவில்லை. தொழுகைக் கணக்கைக் கேட்டார்கள்.

மக்காவில் உள்ள உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு மன்றம் 1980-களில் இதையே அடிப்படையாகக் கொண்டு, 66 பாகைக்கு மேலுள்ள ஊர்கள் 45 பாகைக் கோட்டின் நேரங்களை ஒட்டிக் கணிக்கலாம் என்று தீர்மானித்தது. ட்ரோம்சோவின் அல்நூர் மையத்தார், சூரியன் உதவாத காலத்தில் மக்காவின் நேரத்தைப் பின்பற்றும் வழியை எடுத்துக்கொண்டார்கள். மக்காவில் ஐந்து மணிக்கு என்றால் அங்கும் அவ்வூர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு. எது சிறந்தது என்று அவன் கேட்டான். “உன் ஊர் ஜமாஅத் எதைப் பின்பற்றுகிறதோ அது” என்றேன். இணையத்தில் நாலு அட்டவணைகளைத் தேடியெடுத்து அறைக்குள் தனியே தொழுவதைவிட, ஒரே கடிகாரத்தைப் பார்த்து நாற்பது பேர் எழுந்து நிற்பது மேல். சூரியன் சொல்லாத நேரத்தை மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகுதான் மற்றதைப் பேசினேன். கடைசியாக எவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. மறுநாளே பல்கலைக்கழக மருத்துவரைப் பார்க்க வேண்டும், லுஹருக்கு அல்நூருக்குப் போக வேண்டும், தினமும் அம்மாவுக்கு ஒரு முறை போன் செய்ய வேண்டும் என்று மூன்று வாக்குறுதிகள் வாங்கினேன். மருத்துவரைப் பார்ப்பது தவக்குலுக்கு எதிரானதல்ல என்பதை நம்மவர்களுக்கு இன்னும் விளக்க வேண்டியிருப்பது வருத்தம்தான். அவர் பார்த்து, காலையில் அரை மணி நேரம் எதிரே உட்காரும்படி வெளிச்ச விளக்கு ஒன்றையும், மீன் ஈரல் எண்ணெயையும் சொன்னாராம். லுஹா அத்தியாயத்தை அர்த்தத்தோடு ஓதி வா என்று நானும் சொன்னேன். வஹீ வருவது சில காலம் நின்றிருந்தபோது, இறைவன் கைவிட்டுவிட்டானோ என்ற துயரத்துக்கு ஆறுதலாக இறங்கிய அத்தியாயம் அது. முற்பகலின் மீதும், அமைதியாகக் கவியும் இரவின் மீதும் இறைவன் அதில் சத்தியம் செய்கிறான். ஆறுதலை வெளிச்சத்தின் மீது மட்டும் சத்தியம் செய்து சொல்லவில்லை; இரவையும் சேர்த்துக்கொண்டான்.

அவன் எழுந்துவிட்டானா என்றால், உடனே இல்லை. சில நாள் போனான், சில நாள் போகவில்லை. போகாத நாளில் சோமாலிய நாட்டுப் பெரியவர் ஒருவர் கதவைத் தட்டி அழைத்துப் போனார். அவருக்காகவும் நாங்கள் இங்கே துஆ செய்தோம்.

ஜனவரி 21 அன்று அவன் மறுபடியும் அழைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலைக்குப் போவோர் எல்லோரும் தெற்கே பார்த்து நிற்கிறார்கள்; சூரிய ரொட்டி என்று ஜாம் வைத்துப் பொரித்த பணியாரம் போன்ற ஒன்றை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்; தானும் நிற்கலாமா, இது சூரிய வணக்கத்தில் சேருமா என்று கேட்டான். சந்தோஷப்படுவது வணக்கம் ஆகாது, அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு நில் என்றேன். ரொட்டி எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட்டானாம். அந்தச் செய்தி அம்மாவுக்கு மிகுந்த நிம்மதி தந்தது.

நம் மார்க்கம் ஐவேளையையும் சூரியனின் போக்கோடு கட்டி வைத்திருக்கிறது. அதே மார்க்கம்தான் சூரியன் எழும்போதும், உச்சியில் நிற்கும்போதும், மறையும்போதும் தொழக் கூடாது என்று தடுத்து, சூரியனை வணங்குவோரிடமிருந்து நம்மைப் பிரித்தும் வைத்திருக்கிறது. நம் ஊரில் இந்த மூன்று தடைகளும் காலை, நடுப்பகல், மாலை என்று தள்ளித் தள்ளி வருகின்றன. அவனோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். மலைமுகட்டில் விளிம்பு தெரிந்தது, அதுவே உச்சி, உடனே மறைந்தும் விட்டது. “ஹஜ்ரத், உதயம், உச்சி, அஸ்தமனம் மூன்றும் ஒரே ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டன” என்று சிரித்தான். ஐந்து மாதங்களில் அன்றுதான் அவன் சிரித்ததைக் கேட்டேன்.

அதன் பின் அங்கே பகல் வளர்வது நமக்கு நம்ப முடியாதது. மார்ச் 21-இல் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டுவதற்காக நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் கூடிக்கொண்டே போகிறது. செஞ்சியில் ஒரு வருடம் முழுவதும் நேரும் மாற்றம் அங்கே ஒன்பது நாள்களில் நேர்ந்துவிடும்.

வெளிச்சம் வரத் தொடங்கியதும் அவ்வூர் மக்கள் பனி உருகும்வரை காத்திருப்பதில்லை. பனிமேலேயே கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். 1957-இன் சட்டம் ஒன்று எவரும் திறந்தவெளியில் நடக்கவும் தங்கவும் உரிமை தந்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது போன்ற சில வரம்புகள்தான். பிப்ரவரி மாதத்தில் ஆய்வகத் தோழர்கள் க்வாலோயா தீவுக்கு ஓர் இரவு தங்க அழைத்தார்கள். குளிர் மைனஸ் 15. போகலாமா, தொழுகைக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, சோமாலியப் பெரியவரின் மகனையும் துணைக்கு அழைத்துக்கொள், தனிக் கூடாரம், தனிப் பாத்திரம் வைத்துக்கொள் என்றேன்.

உளூவைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. பனியை அடுப்பில் உருக்கிச் சூடாக்க முடியும் என்றால் தயம்மும் இல்லை. அடுப்பு அணைந்து, தண்ணீரும் உறைந்து, அந்தக் குளிரில் உளூச் செய்தால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று உண்மையாகவே அஞ்சினால் தயம்மும் உண்டு. ஆனால் நம் மத்ஹபில் உறைபனியில் தயம்மும் கூடாது. அது நீரின் இனம், மண்ணின் இனம் அல்ல. ஆகவே பையில் ஒரு தட்டையான கல்லைப் போட்டுக்கொள் என்றேன். கணுக்காலை மூடும் தோல் காலுறையை உளூவோடு அணிந்திருந்தால், உள்ளூரில் இருப்பவனுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் மஸ்ஹு செய்ய அனுமதி உண்டு. தீவு ஊருக்குப் பக்கம்தான் என்பதால் பயணியின் மூன்று நாள் சலுகை அவனுக்கு இல்லை. நம் மதரஸாவில் மஸ்ஹு பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இது யாருக்காக என்று கேட்ட பிள்ளையும் உண்டு. இப்போது சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டான்.

குளிரில் பாசறை அமைத்துத் தங்குவது நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. ஹிஜ்ரி 8-இல் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. குளித்தால் இறந்துவிடுவேன் என்று அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்கு சுப்ஹு தொழுவித்தார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் போனது. அவர் தம் காரணத்தைச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. மதுரை சுல்தான் காலத்தில் நம் தமிழ் மண்ணுக்கும் வந்து போன இப்னு பதூதா, பல்காருக்கு அப்பால் இருக்கும் இருள் நாட்டுக்குப் போகும் வணிகர்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். நாய்கள் இழுக்கும் வண்டியில் நாற்பது நாள் பயணம். தங்கும் இடத்தில் மனிதர்களுக்கு முன்னால் நாய்களுக்கே உணவு. அனுபவப்பட்ட முன்னோடி நாய் கோபித்துக்கொண்டு போய்விட்டால் முதலாளி பனியில் மடிய வேண்டியதுதான். அவர் மட்டும் போகவில்லை. சிரமம் அதிகம், பயன் குறைவு என்று விட்டுவிட்டாராம். பல்காருக்கே போனாரா என்று ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

எங்கள் பிள்ளை போனான். கூடாரத்துக்குள் மூச்சுக்காற்றே உறைந்து உள்துணியில் வெண்துகளாகப் படிந்து, கொஞ்சம் அசைந்தாலும் முகத்தில் உதிர்ந்ததாம். தண்ணீர்க் குப்பியைத் தலைகீழாக வைக்க வேண்டுமென்று தோழர்கள் கற்றுக் கொடுத்தார்கள்; மேலேயிருந்து உறைவதால் வாய்ப்பக்கம் திறந்தபடி இருக்கும். இரண்டு பேரும் பனியை மிதித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் விரிப்பைப் போட்டு சுப்ஹு தொழுதிருக்கிறார்கள். அங்கே கிப்லா தெற்கிலிருந்து சற்றே கிழக்கு. தொழுது முடித்து வெகுநேரம் அதே திசை நோக்கி அமர்ந்திருந்தார்கள். வெளிச்சமும் அந்தத் திசையிலிருந்தே மெல்ல மெல்ல வந்தது என்றான். அந்தக் காலைக்கு வெளிச்ச விளக்கு தேவைப்படவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். இருட்டு, சூரியன் எதுவும் அவருக்குப் பெரிதாகப்படவில்லை. “எத்தனை போர்வை எடுத்துட்டுப் போனானாம் ஹஜ்ரத்?” என்றுதான் கேட்டார். எங்கள் தெரு நயினார் ஒருவரோ வேறு கவலைப்பட்டார். “சூரியன் இருக்கும்போதுதான் சாப்பிடலாம்னா, எங்க ஆளுங்க அங்க இரண்டு மாசம் பட்டினிதானே?” என்றார். நாங்கள் கணித்துக்கொள்கிறோம் என்றேன். மடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

இப்போது அங்கே வசந்தம். மே மாதம் 20-ஆம் தேதி வாக்கிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் மறையவே மறையாது. மஃரிபும் இஷாவும் எப்போது என்று நேற்று எழுதிக் கேட்டிருக்கிறான். இம்முறை கேள்வியோடு அவன் தொழுகிற பள்ளியின் அட்டவணையையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். கூடவே, கஸான் நகரத்து ஷிஹாபுத்தீன் மர்ஜானீ (ரஹ்) 1870-இல் பல்காரின் இஷாவைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறாராமே, அது நம் மதரஸா நூலகத்தில் உண்டா என்றும் கேட்டிருக்கிறான். நம்மிடம் இல்லை. வேலூரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.